செங்கல் லயம்

ஒப்பந்தத்தில் ஆழம் ஆறடி.
நாலாவது அடியிலேயே
வாளியின் பல் எதையோ கடித்து நின்றது.
மேலே குடையும் அளவுநாடாவுமாக நான்.
நகராண்மைக் கழகத்தில் லொங்கான் கணக்கு என் வேலை.
ஷஃபிகுல் குழிக்குள் குதித்துத் தடவிப் பார்த்தான்.
“கல் இல்லை, அக்கா” என்றான், அவனுக்கு வந்த மலாயில்.
“சுட்டது.”

எங்கள் இடத்துக்குப் பெயர் செங்கல் லயம்.
மலாய்க்காரர்கள் கம்போங் பாத்தா என்பார்கள்.
சந்தையில் முட்டை விற்கும் ஆ லெங்
ஹொக்கியனில் அதையேதான் சொல்கிறாள்.
மூன்று மொழிகள் ஒரே பொருளைச் சொல்லியும்
எந்தச் சூளை என்று ஒருவரும் கேட்டதில்லை.
தோட்டம் திறந்த துரையின் பேரேட்டில்
பலகை உண்டு, அத்தாப்பு உண்டு,
ஆணி எத்தனை ராத்தல் என்பதும் உண்டு.
செங்கல் வாங்கியதாக ஒரு வரி இல்லை.

அவன் ஊரில் சூளை வேலை செய்தவன்.
உடைந்த விளிம்பை நகத்தால் சுரண்டி நீட்டினான்:
உமி.
கல்லுக்குக் கீழே கிளிஞ்சல், கைப்பிடி கைப்பிடியாக.

அப்படியென்றால்
கடல் இதுவரை வந்து போயிருக்கிறது.
இப்போது அது பதினோரு கிலோமீட்டர் தள்ளி,
செம்பனைக்கும் வயலுக்கும் அப்பால்,
நண்டு பிடிக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த சேற்றில்.

கடாரம் என்று பள்ளியில் ஒரு வரி படித்தோம்,
‘கொண்டான்’ என்று முடியும்.
கொண்டவன் கொண்டதும் போயிருப்பான்.
காற்று திரும்பட்டும் என்று இருந்தவர்கள்தான்
இங்கே சோறு பொங்கியிருக்க வேண்டும்:
பாசிமணி விற்றவன், உப்பு அளந்தவன்,
கப்பல் பிளவில் பஞ்சு திணித்தவன்,
அவன் பெயரைச் சரியாகச் சொல்ல வராமலே
அவனோடு குடியிருந்தவள்.
ஐந்து மாதத்துக்கு ஓலை போதும்.
செங்கல் எதற்கு?
யாரோ ஒருவர்
அடுத்த காற்றிலும் போவதாக இல்லை.

குழியைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று.
கோயில் செயலாளர் குணாளன் கைப்பேசியை உயர்த்தி
நம்ம ராஜா, நம்ம கோபுரம் என்று நேரலையில் முழங்கினார்.
அலோர்ஸ்டாரிலிருந்து வந்த நோர்ஃபஸிலா
மண்டியிட்டு, குழந்தைக்குப் பல் விளக்குவதுபோல
ஒரு வரிசையைத் துலக்கிவிட்டு நிமிர்ந்தாள்.
“துறைமுகக் கிடங்காக இருக்கலாம்.
கோயிலாகவும் இருக்கலாம்.
இரண்டும் இல்லாமலும் இருக்கலாம்.”
நேரலை நின்றது.

பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டாள்:
“இந்த மாதிரிக் கல் யார் வீட்டிலாவது இருக்கிறதா?”

இருபத்து மூன்று கதவுகள்.
பூவாயி வீட்டுத் துவைகல்லுக்கு அடியில் நாலு.
சின்னப்பன் கோழிக்கூண்டின் நான்கு கால்களும் அதன்மேல்தான்.
முனியாண்டி பீடத்தில், சுண்ணாம்புக்குள், ஒன்பது.
மேகமே இல்லாத மதியத்தில்
எல்லோரும் மழை வருமா என்று அண்ணாந்து பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.

என் வீட்டில் ஒன்று. கேஸ் தோங்கின் கீழே.
கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான் கிடக்கிறது.
அன்றிரவு தோங்கை உருட்டித் தள்ளி, முதல் முறையாக
அதைப் புரட்டினேன்.

அடிப்பக்கத்தில் நாய்க்கால்.
நாலு விரல், ஒரு பாதம்,
ஈரம் காயுமுன் குறுக்கே ஓடிய அவசரத்தில்
நகம் இழுத்த கீறல்.
யாரோ கத்தியிருப்பார்கள், எந்த மொழியிலோ.
நாய்க்கு அது புரிந்திருக்கும்.
வெளியே எங்கள் லயத்து நாய் குரைத்தது;
வேறு எதற்கோ.

தோங்கைத் திரும்ப வைக்கவில்லை.
கல்லை இன்னும் கொடுக்கவும் இல்லை.

லொங்கான் இப்போது வளைந்து போகிறது.
பதினான்கு அடி கூடுதல்.
பாரத்தில் ‘காரணம்’ என்ற கட்டம்
கட்டைவிரல் அளவுதான்.
ஆட்கள் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள்
என்று எழுதினேன்.

கையெழுத்து வாங்கப் போனபோது
ஷஃபிகுல் தகரக் கொட்டகைக்குப் பின்னால் குந்தியிருந்தான்.
ஆகஸ்டில் அவன் பெர்மிட் முடிகிறது.
ஜூலைக் கடைசியில்
பாகல் விதை ஊன்றிக்கொண்டிருந்தான்.