எடைமேடைக்காரி

தானியக் கிடங்கில் நாளெல்லாம்
லாரிகளை நிறுத்தி நிறுப்பவள் நான்.
வீட்டில் ஒன்று ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறது.
நகர்த்தத்தான் தெரியவில்லை.

பெயர் பட்டன்.
நெற்றியில் சட்டைப் பொத்தான் அளவு வெள்ளை,
மிச்சமெல்லாம் கறுப்பு. மே மாதம் ஐந்நூறு கிலோ.
வளர்ப்பவள் மார்னி, என் மகள், பதினான்கு வயது.
அவள் அப்பாவின் அறுவடைக் குழுவோடு
கோதுமை பழுக்கப் பழுக்க வடக்கே போய்க்கொண்டிருக்கிறாள்,
ஓக்லஹோமாவிலிருந்து மொன்டானா வரை.
"கண்காட்சிக்குள் கொஞ்சம் நடக்க மட்டும் பழக்கிவைம்மா."
கொஞ்சம்.

பிள்ளையேதான் பழக்க வேண்டும் என்பது விதி.
விதி படிவத்தில் இருக்கிறது.
மாடு கொட்டிலில் இருக்கிறது.

முகக்கயிற்றை மாட்டி இழுத்தேன்.
நாலு காலையும் நெப்ராஸ்காவுக்குள் ஊன்றினான்.
முதலில் கையுறை கிழிந்தது, அப்புறம் உள்ளங்கை.
ஓட்ஸ் வாளியைக் காட்டினேன்.
கழுத்தை மட்டும் நீட்டினான்;
ஒட்டகச்சிவிங்கி ஆகிவிடுவானோ என்று வாளியை இறக்கினேன்.

கழுதையோடு கட்டிப் பார் என்றார் அடுத்த பண்ணை ஆர்விட்.
எத்தனையோ முரடுகளைத் தண்ணீர்த் தொட்டிக்கு
இழுத்துப் போனவளாம் அவருடைய லூசில்.
கட்டினோம். மூன்று நாள்.
லூசில் நிற்கக் கற்றுக்கொண்டாள்.

ஜூன் கடைசியில் ஒரு மாலை, சரியான அசதி.
கயிற்று நுனியைப் பிடித்தபடி
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
அன்றைய லாரிகளை அவனிடம் ஒப்பித்தேன்.
குசேராவின் சோளம், இருபத்து நாலு டன், ஈரம் பதினான்கு.
ஹவர்காம்ப், தார்ப்பாய் கிழிந்தது.
பேர் தெரியாத ஒருவன், டயரெல்லாம் வழுக்கை,
காலி வண்டியை நிறுக்கும்போதும் இறங்க மாட்டேன் என்றவன்.

அவன் காது திரும்பியது.
அப்புறம் கழுத்து.
அப்புறம், யாரும் கேட்காமல், முன்னங்கால் ஒன்று.

கயிற்றை விட்டுக்கொடுத்தேன்.
வித்தை அவ்வளவுதான் போலிருக்கிறது:
அவன் தந்த ஒரு சாணை அப்போதே திருப்பித் தந்துவிடுவது.
ஒரு நொடி பிந்தினால்
வட்டி போடுகிறான்.

ஜூலையில் கொட்டிலைச் சுற்றினோம்.
பிறகு மரவரிசை வரை, பிறகு தபால்பெட்டி வரை;
அதில் மொன்டானாவிலிருந்து எதுவும் இருக்காது.
லாரிகள் சீக்கிரம் தீர்ந்துபோகிற நாட்களில்
வேறு சிலதும் சொல்ல வேண்டியிருந்தது.
அது அவனுக்கும் எனக்கும்.

மார்னி வந்தாள்,
தோள் கறுத்து, நடையில் அவள் அப்பா ஏறி.
கண்காட்சிக்கு நாலே நாள்.
கயிறு அவள் கைக்குப் போனதும் மாடு மரமானது.
"பழக்கவே இல்லையாம்மா?"
பதில் சொல்லாமல் வீட்டைப் பார்த்து நடந்தேன்.
பின்னாலேயே வந்தான்,
அவளையும் இழுத்துக்கொண்டு.
அவள் சிரிக்கவில்லை.
லாரிக் கதையை நானும் சொல்லவில்லை.
ஏன் என்று இன்னும் தெரியாது.

கண்காட்சி வளையத்தில், மரத்தூளில், நின்றுவிட்டான்.
நடுவர் கையைக் கட்டிக்கொண்டார்.
பட்டனின் காது கம்பி வேலியைத் துழாவி
என்னிடம் வந்து நின்றது.

எழுந்தேன்.
எலுமிச்சைச் சாறு கடைக்குப் பின்னால்
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன்.
மூச்சைக்கூட அடக்கினேன், அதுவும் கேட்டுவிடும் என்பதுபோல.
ஒலிபெருக்கி எண்களைப் படித்துக்கொண்டே இருந்தது.

நான்காம் பரிசு, ரோஜா நிற ரிப்பன்.
"மூணு தடவை நின்னான். கயித்த விட்டேன், வந்தான்,"
என்றாள் மார்னி, தானே கண்டுபிடித்தவளாக.
கண்டுபிடித்தவள்தான்.

அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ.
லாரிப் பலகையில் அவனாகவே ஏறினான்.
கயிறு தொய்ந்தே கிடந்தது.

திங்கட்கிழமை முதல் வண்டி மேடையேறி நின்றது.
எண்ணைப் பார்த்தேன். ஈரத்தைப் பார்த்தேன்.
வாய்விட்டுப் படித்திருக்கிறேன் போல.
டிரைவர் கண்ணாடியை இறக்கி,
"என்கிட்டயா?" என்றார்.