இரண்டாவது நங்கூரம்

அக்காள்மடத்தில் ஐஸ் உடைக்கிற பிரிட்டோ
தங்கச்சிமடத்து ஏலக்காரருக்குக்
கணவாய்ப் படம் ஒன்று அனுப்புகிறான்.
சைக்கிளில் போனால் பத்து நிமிடம்.
படமோ
பாலம் தாண்டி, உச்சிப்புளி தாண்டி,
பரமக்குடி மானாமதுரை என்று
நடத்துனர் கூவுகிற ஊரையெல்லாம்
மண்ணுக்கடியில் கடந்து
சென்னையில் குளிரூட்டிய ஓர் அறைக்குள் நுழைந்து
பெயர் சொல்லி, பதிவு போட்டு,
போன வழியே திரும்பி வருகிறது.
அக்காளுக்கும் தங்கச்சிக்கும் நடுவே
ஆயிரத்து நூறு கிலோமீட்டர்.

கண் இமைப்பதற்குள் முடிகிற பயணம்.
யாரும் கவனிப்பதில்லை.
கவனிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

என் திரையில் இந்தக் கரை வெறும் கோடு.
விசைப்படகுக்கு டோக்கன் கொடுக்கிற நாளில் ஒரு மேடு.
நாட்டுப்படகு நாளில் அதைவிடச் சின்ன மேடு.
புயல் கூண்டு ஏற்றிவிட்டால்
எல்லோரும் வீட்டில், எல்லோரும் படம் பார்க்க,
மலை.
தை அமாவாசைக் கூட்டம் தனிக் கணக்கு:
முழுகி எழுந்த ஈரத்தலையோடு
வீடியோ அழைப்பு.
தனுஷ்கோடி போனவரின் போன்
இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு
வெளிநாட்டுக்கு வரவேற்றால்
அந்தப் புகாரும் என் தலையில்தான் விடியும்.

இந்த மாதம் கேணிக்கரையில்
டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில்
புதிதாக ஒரு வாசல் வைத்தோம்.
இந்தக் கரையின் பேச்சு
இனி இங்கேயே திரும்பிக்கொள்ளலாம்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை.
ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செஷனைத்தான்
பிடுங்கி நட முடியாது.
அதன் முகவரி சென்னையில் முளைத்தது.
நங்கூரம் என்றே எங்கள் ஆவணங்களும் சொல்கின்றன:
இரண்டாவதை இறக்கு,
அது மண்ணைக் கவ்வட்டும்,
பிறகு முதலாவதைத் தூக்கு.
இதைப் போய் மண்டபத்துப் படகுக்காரர்களிடம்
விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இரவு இரண்டிலிருந்து நான்கு வரை அனுமதி.
வாடைக்காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது.
பதினோராயிரத்துச் சொச்சம்.
தூங்குகிற போன்கள் சத்தமில்லாமல் மாறின.
மூவாயிரம்.
பாட்டு முடிந்ததும், படம் முடிந்ததும்
ஒவ்வொன்றாகப் புது வாசலுக்கு வந்தன.
இருநூற்று ஏழு.
ஒன்பது.
ஒன்று.

ஒன்றிலேயே நின்றது.

குந்துகால் கோபுரம், கடல் பார்த்த முகம்.
நாலரை மணி நேரமாக ஒரே அழைப்பு.
பேச்சென்றால் கோடு துள்ளும்.
இது துள்ளவில்லை.
இரண்டு பக்கமிருந்தும்
மௌனத்தை மட்டும் சுமக்கிற சின்னப் பொட்டலங்கள்,
சீராக, சொட்டுச் சொட்டாக.
மறுமுனை குவைத் பக்கம்.
அதற்கு மேல் பார்க்க எனக்கு உரிமை இல்லை,
பார்க்கவும் இல்லை.

கடல் தாண்ட வேண்டிய அந்த அழைப்புக்கு மட்டும்
சென்னை சுற்றுவழியே இல்லை
என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஒண்ணுதானே பாசிலா, வெட்டி விடு.
தானாச் சேந்துக்கும்," என்றார் ரெஜினால்ட்
சென்னையிலிருந்து, கொட்டாவியோடு.
சேர்ந்துகொள்ளும்தான்.
ஐந்து வினாடி ஆகும்.
அணைந்த திரை ஒன்று
ஏதோ ஒரு தலையணைமேல் வெளிச்சம் போடும்.
மூச்சுச் சத்தம் நின்றதில்
யாராவது எழுந்துவிடுவார்கள்.

நான்கு மணிக்கு அறிக்கை எழுதினேன்.
நிலுவை: ஒன்று.
காரணம் கேட்ட கட்டத்தில்
'பயன்பாட்டில் உள்ளது.'

விடிந்து பிரிட்டோவின் படம்
கேணிக்கரையோடு திரும்பியது.
அவனுக்குத் தெரியாது.
வழக்கம்போல
கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்தே கேட்டார்கள்.

நான் பையை எடுத்துக் கிளம்புகையில்
ஐந்து நாற்பதுக்கு
குந்துகால் கோடு துள்ளியது.