டன்னுக்கு எவ்வளவு

கரும்புக்கு இனித் தீ வைக்க வேண்டாம் என்று
லோகாம்பாள் சொன்னபோது
முதலில் எதிர்த்தவன் நான்தான்.
ஆலையின் எடைமேடையில்
இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவன்.
எரித்த கரும்பின் எடை தெரியும்,
எரிக்காததில் குப்பைக்கென்று
எத்தனை கிலோ கழிப்பார்கள் என்பதும் தெரியும்.

டொங்காட்டில் ஜூன் பிறந்தால்
வானத்திலிருந்து கறுப்பாய் விழும்.
சோகை எரிந்த சாம்பல்
நீளநீளமாய், கத்தரித்த தலைமுடி போல,
கொடியில் காயும் பள்ளிச் சட்டைகளின் மேல்,
கல்யாண வீட்டுப் பந்தலின் மேல்,
மூடி திறந்த பிரியாணி அண்டாவில்.
யாரும் திட்டியதில்லை.
சாம்பல் விழுந்தால்
சம்பளம் வரும்.

"பச்சையாய் வெட்டலாம்" என்றாள்.
பொண்டோலாந்திலிருந்து வந்த வெட்டுக்காரர்கள்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
லுயாண்டா முழங்கையைத் திருப்பிக் காட்டினான்,
சோகை அறுத்த பழைய கோடுகள்.
"எரித்தால் நாளுக்கு ஆறு டன் வெட்டுவேன்,
பச்சையில் நாலுகூடத் தேறாது.
உள்ளே மாம்பா படுத்திருக்கும்.
நிலம் உங்களுடையது, அம்மா.
கை என்னுடையது."

அப்போது அவளிடம் பதில் இல்லை.
இரவு என் கணக்கு நோட்டைப் பிடுங்கி
டன் கூலியோடு அதில் பாதியைச் சேர்த்து எழுதினாள்.
கீழே, தோளுவரை தோலுறை, பதினான்கு ஜோடி.
அதற்குக் கீழே, முழங்கால் காப்பு.
பேனாவை என் பக்கம் நீட்டி
"இப்போ கூட்டு" என்றாள்.
கூட்டினேன்.
சிவப்பில் வந்தது.

முதல் வருஷம் நஷ்டம்.
ஓடையோரத்தில் ஆறு வரிசையைப் பிடுங்கி
நாணலுக்கு விட்டாள், அதுவும் நஷ்டம்.
பள்ளத்து நிலத்தில் சோகை மெத்தை குளிர்ந்து கிடக்க
மறுதாம்பு தலைநீட்டவே மாசமாயிற்று.
தண்டுப்புழு வேறு.
பக்கத்துத் தோட்டத்துச் சபாபதி
வேலிக்கு அந்தப்புறம் நின்று கேட்டார்,
"கூட்டிப் பெருக்க ஆள் அனுப்பட்டுமா?"

மூன்றாம் வருஷம் மழை வரவில்லை.
அவர் மண்ணில் வெடிப்பு, என் விரல் முழுசாய் நுழைந்தது.
எங்கள் சோகைக்கடியில் கைவிட்டேன்.
ஈரம்.
ஒரு மண்புழு என் விரலைச் சுற்றிப் பார்த்துவிட்டு
வேலையைக் கவனிக்கப் போயிற்று.
களைக்கொல்லிப் பக்கத்தில்
அந்த வருஷம் எழுத ஒன்றுமில்லை,
கோடு கிழித்து மூடினேன்.
எங்கள் கொடித்துணியில் இன்னும் சாம்பல் விழுகிறது,
அவர் பக்கத்திலிருந்து.

பரிசு கொடுத்தது டர்பனில், ஓட்டல் மண்டபத்தில்.
நிலம் காக்கும் பண்ணை என்று பித்தளைப் பலகை.
லோகோம்பல், என்று மைக்கில் அழைத்தார்கள்.
மூன்று நிமிஷம் பேசலாம் என்றார்கள்.
அவள் தாளை விரித்து
பதினான்கு வெட்டுக்காரர் பெயரை வாசித்தாள்.
பிறகு கூலியை, டன் கணக்கில்,
சென்ட் வரைக்கும்.
கைதட்டல் கொஞ்சம் யோசித்துத்தான் வந்தது.
"கூலியையெல்லாம் மேடையில் சொல்லலாமா?" என்று
கார் நிறுத்துமிடத்தில் ஒருவர்
என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கேட்டார்.

பலகையை டிராக்டர் கொட்டகையில் மாட்டினோம்,
தீ வைக்கும் குடுவை தொங்கிய அதே ஆணியில்.
குடுவையை வீசிவிடவில்லை.
தீத்தடுப்புப் பட்டைக்கு வேண்டும்,
கீழே கிடக்கிறது, பாதி எண்ணெயோடு.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சபாபதி.
வாழ்த்து இல்லை,
பலகையைப் பற்றி ஒரு சொல் இல்லை.
பின்னால் டிவியில் கிரிக்கெட்.
தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்,
"டன்னுக்கு எவ்வளவு கூடக் கொடுத்தீங்க?"

நோட்டை எடுத்தேன்.
நஷ்டப் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.