பதினேழாம் எண்

சங்காட் ஜோங்கில் ஆலைச் சங்கு ஆறு மணிக்கு ஊதும்.
சூராவ் ஒலிபெருக்கி அதற்கு முன்பே விழித்துவிடும்.
கோயில் மணி,
பூசாரியின் மோட்டார் கிளம்புவதைப் பொறுத்தது.

எண்பத்திரண்டு பிறந்த இரவில்
தீபகற்பமே அரை மணி முன்னே நகர்ந்ததாம்.
சூரியனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
இன்றும் ஏழேகாலுக்குத்தான் வருகிறது.

நான் இங்கே கடிகாரங்களுக்கு வேலை பார்க்கிறேன்.
நாற்பத்திரண்டு டப்பாக்கள், செம்பனை வரிசைகளில், பாரிட் ஓரம்.
உள்ளே ஒரு பேட்டரி, ஒரு ஏரியல்,
நேரம் எண்ண, அரிசியளவு படிகம்.
நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியது என்று
அவை சொல்ல வேண்டும்.
இந்தச் சதுப்பு மண் காய்ந்தால்
அடியிலிருந்து புகையும்.

ஐந்து வருஷம் பேட்டரி மாற்றக் கூடாது என்கிறது ஒப்பந்தம்.
ஆகவே தூங்குகின்றன.
மணிக்கு ஒரு தரம்
ஓர் இமைப்பில் பாதிக்குக் கண் திறந்து
சொல்லி, கேட்டு, மறுபடி தூக்கம்.
சொல்வது விழிக்கும்போது
கேட்பதும் விழித்திருக்க வேண்டும்.
என் சம்பளம் அதற்குத்தான்.

எந்தப் படிகமும் இன்னொன்றைப் போலத் துடிப்பதில்லை.
ஒரு நாளில் மூன்று விநாடி பிசகும்.
பஸ்ஸுக்கு நிற்பவருக்கு மூன்று விநாடி ஒன்றுமில்லை.
பாதி இமைப்புக்கு விழிப்பதற்கு
அது தவறவிட்ட பஸ்.
பயந்த டப்பா முன்கூட்டியே எழுந்து
காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்.
பேட்டரியைத் தின்பது பேச்சல்ல,
அந்தக் காத்திருப்பு.

மார்ச்சில் பதினேழு மக்கர் பண்ணத் தொடங்கியது.
காலையில் பேசும். நண்பகல் தாண்டினால் மௌனம்.
இருட்டியதும் திரும்பி வரும்,
எங்கும் போகாதவன் மாதிரி.
போய்ப் பார்த்தேன்.
ரொஹிமுதீன் கையை வீசிக் காட்டினான்:
மறுநடவுக்கு மரங்களைச் சாய்த்துவிட்டார்கள்,
நிழலே இல்லை.
மூடியைத் தொட்டேன். சுட்டது.
சூட்டில் படிகம் சுணங்கும்.

வேறு டப்பா வை என்றது அலுவலகம்.
நிமிஷத்துக்கு ஒரு தரம் நேரம் கேட்கச் சொல் என்றார் மானேஜர்;
கேட்டுக் கேட்டே செத்துப்போகும்.
நான் வெப்பத்தையும் தாமதத்தையும்
ஒன்பது நாள் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன்.
ஒரு கோடு கிடைத்தது, கொஞ்சம் வளைந்த கோடு.
அதைப் பதினெட்டுக்குக் கொடுத்தேன்.

பதினேழு இன்னும் தப்பாகத்தான் துடிக்கிறது.
எவ்வளவு தப்பு என்பது
பக்கத்து டப்பாவுக்குத் தெரியும், அவ்வளவே.

சிவநேசனுக்கு ஆலையில் இரவு ஷிப்ட்.
அவன் வருவது ஏழு, நான் கிளம்புவது ஏழரை.
கல்யாணம் ஆன முதல் வருஷம்
ஆறே முக்காலுக்கே கேட்டைத் திறந்துவைத்து நிற்பேன்.
இப்போது நிற்பதில்லை.
இரவு மழையென்றால் குலை லோரி தாமதம், பத்து நிமிஷம் கூட்டு.
பாய்லர் கழுவும் நாள், பன்னிரண்டு.
சம்பள நாளுக்கு ஆ செங் கடை வாசல்,
அதற்கு இன்னும் கோடு கிடைக்கவில்லை.
கோப்பி எப்போதும் சூடாக இருப்பது எப்படி என்று
அவன் கேட்டதில்லை.
சில நாள் குவளையைப் பிடித்தபடி
என்னை ஒரு மாதிரி பார்ப்பான்.

நேற்று மதியம் மூன்று மணி.
மூடிக்குள் அறுபத்தோரு பாகை.
பதினேழு சொன்னது, பதினெட்டு கேட்டது:
நீர்மட்டம், எழுபத்து நான்கு சென்டிமீட்டர் கீழே.
அதற்கு முந்தின நாள் எழுபத்தொன்று.
வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.