அடி தடித்த கிளாஸ்

பால் மறுபடி ஏறிய மாதம்
சிலிண்டரும் ஏறியது.
கரண்ட் பில்லில் ஒரு பூஜ்யம்
சொல்லாமல் வந்த ஒறம்பரை போல
உட்கார்ந்திருந்தது, எழும் உத்தேசமில்லாமல்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எதைக் குறைக்கலாமென்று
கடையையே சுற்றிப் பார்த்தேன்.
பல்பு மூன்று. இரண்டு போதும்.
ஃபேன் ஒன்று. நூல் தூசியோடு வருகிறவர்கள்
அதற்குக் கீழேதான் நிற்பார்கள்.
ஏலக்காய்த் தோலைச் சர்க்கரை டப்பாவுக்குள்
எப்போதோ புதைத்தாயிற்று.
மாஸ்டர் வடமலையின் சம்பளம்...
அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஈரோட்டில் பாத்திர மொத்தக்கடைக்காரர்
ஒரு கிளாஸை எடுத்து நீட்டினார்.
"அதே உசரம், அதே வாயி பாருங்கக்கா.
அடி மட்டும் சித்தெ தடிப்பு.
நூறு புடிக்கற எடத்துல எம்பத்தஞ்சு புடிக்கும்.
ஆருக்குந் தெரியாதுங்."
பத்து டஜன்.
திருப்பூர் வரும்வரை என் மடியில்
கிணுகிணுவென்று
என்னை வைத்து ஏதோ பேசிக்கொண்டே வந்தன.

திங்கட்கிழமை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
நானூறு டீ.
மூன்றரை லிட்டர் பால் மிச்சம்.
சந்தோஷத்தில் எனக்கொரு டீ போட்டுக் குடித்தேன்,
பழைய கிளாஸில்.
கை தானாகப் போய் எடுத்தது அதை.
அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

புதன்கிழமை
செக்கிங் செக்‌ஷன் மைலாத்தாள்
டீயைக் குடித்து முடித்து
கிளாஸைக் கவிழ்த்தாள்.
அடியில் நகத்தால் ஒரு தட்டு.
நாளுக்கு ஆயிரம் பனியனில்
ஒரு தையல் விட்டதைக் கண்டுபிடிக்கிற விரல்.
என்னைப் பார்க்கவில்லை. சில்லறையை வைத்தாள்.
ஏழு வருசமாக "வர்றனுங்க்கா" என்று கிளம்புகிறவள்
அன்றைக்கு
"போறனுங்க்கா" என்றாள்.

ஒரே ஒரு சொல்.
வெந்நீர் கையில் கொட்டியது மாதிரி.

வியாழன் அவள் வரவில்லை.
எதிர்ப்புறம் புதுப் பேக்கரியின் கண்ணாடிக்குப் பின்னால்
அவள் பச்சைத் தூக்குப்போசி தெரிந்தது.
வெள்ளி, ஒடிசாக்காரப் பையன் பெஹரா,
இந்தக் கடையில் நின்றே தமிழ் பழகியவன், கேட்டான்:
"அக்கா, டீ சின்னதா? என் வாய் பெருசாச்சா?"
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

ராத்திரி பத்து டஜனையும் அட்டைப்பெட்டியில் அடைத்தேன்.
உடைந்தது போக நூற்றுப் பதினாறு.
திருப்பி எடுக்க முடியாதுங் என்றுவிட்டார் ஈரோட்டுக்காரர்,
சரியாகத்தான் சொன்னார்.
சனிக்கிழமை சிலேட்டில் எழுதி மாட்டினேன்:
பால் ஏறிப்போச்சுங்க. டீ இனிப் பதிமூணு.
கிளாஸ் பழசு.

லோடு ஏற்றும் இரண்டு பேர் முனகிக்கொண்டே
ரோட்டைத் தாண்டிப் போனார்கள், போனதுதான்.
மற்றவர்கள் சிலேட்டைப் படித்தார்கள்,
கிளாஸைப் பார்த்தார்கள்,
பதிமூன்றை எண்ணி வைத்தார்கள்.
சில்லறைக்குத்தான் பெரும்பாடு.

"பாய்லருக்கு மூடி போட்டா
அரமணி கேஸு மிச்சங்க்கா" என்றான் வடமலை,
டவராவைத் துடைத்தபடி.
ஏன்டா இத்தனை நாளாச் சொல்லலை?
"நீங்க கேக்கவே இல்லீங்களே."
மூடி நூற்றெண்பது ரூபாய்.
ஈரோட்டுக்குப் போய்வந்த பஸ் காசை விடக் கொஞ்சம் கூட.

மைலாத்தாள் பதினோராம் நாள் வந்தாள்.
கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான்
உதட்டில் வைத்தாள்.
இன்னமும் அப்படித்தான் பார்க்கிறாள்.
கிளம்பும்போது தலை மட்டும் அசைகிறது.
அந்தச் சொல் வர
இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.
வரட்டும், அவசரமில்லை.

பெட்டியிலிருந்து ஒன்றை மட்டும்
வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.
கூட்டம் வடிந்த பதினோரு மணிக்கு
என் டீயை அதில்தான் குடிக்கிறேன்.
பதினைந்து மில்லி குறைவு.
தெரியத்தான் செய்கிறது.