முன்னைய சேதங்கள்

சீனக்குடா விமான நிலையத்தின் வெளிவாசலில்
மூன்று வாடகைக் கார் கம்பனிக்கும்
ஒரே தகரக் கொட்டில்.
இடப்பக்க மேசை நௌபீஸ், வலப்பக்கம் அசங்க.
நடுமேசை எனக்கு. அதனால்
இருக்கிற ஒரே மின்விசிறியும் எனக்கு.

பின்சுவரில் ஒரு பலகை,
ஆணிக்கு ஆணி திறப்புகள்.
ரிப்பன் துண்டுதான் அடையாளம்.
எங்களுடையது பச்சை. அது வெயிலில் வெளுத்து
அசங்கவின் மஞ்சளுக்குச் சொந்தமாகி
மாதங்கள் ஆகின்றன.

விமானம் வராத நாளில்
மூவருக்கும் ஒரே நட்டம்.
அன்றைக்கு நௌபீஸ் கொண்டுவரும் கொத்தில்
மூன்று கரண்டி.
பத்துப் பேர் இறங்கிவிட்டால் போதும்,
நௌபீஸ் குரலைக் கூட்டுவான்
அசங்க விலையைக் குறைப்பான்
நான் விசிறியை
வருகிறவர்கள் பக்கம் திருப்புவேன்.

கார் கொடுக்குமுன் ஒரு படிவம்.
மேலிருந்தும் இரண்டு விலாவிலிருந்தும் பார்த்த
வெறுங்காரின் கோட்டுப்படம்.
தலைப்பு: முன்னைய சேதங்கள்.
கீறல் உள்ள இடத்தில்
சின்னதாக ஒரு பெருக்கல் குறி.
என் வெள்ளைக் காருக்கு ஏழு.
நிலாவெளியில் வேலிக்கம்பி ஒன்று,
கிண்ணியாப் பாலத்தடியில் ஓட்டோ ஒன்று,
மற்ற ஐந்தும்
யாரும் ஒப்புக்கொள்ளாதவை.

ஏழுக்கும் கையெழுத்து வைத்தாள்
ஜெனோவா என்ற பல்வைத்தியர்.
திறப்பை அழுத்தினாள்,
கண் சிமிட்டிய வெள்ளைக் காரில்
ஏறிப் போனாள்.

நாலாம் நாள் திரும்பி வந்தாள்.
படிவத்தோடு காரைச் சுற்றினேன்.
வலக்கதவில் கீறல் இல்லை.
பம்பரில் இல்லை.
குனிந்து பார்த்தேன், விரலால் தடவியும் பார்த்தேன்.
ஏழும் இல்லை.
பின்பக்கம் மட்டும்
உள்ளங்கை அளவில் புதிதாக ஒரு நெளிவு.

"கோட்டை வாசலில் மான்.
நான் நிறுத்தித்தான் வைத்திருந்தேன்,
அதுதான் வந்து இடித்தது" என்றாள்.
படிவத்தில்
விபத்துக்குக் கட்டம் உண்டு, திருட்டுக்கு உண்டு.
மானுக்கு இல்லை.
ஆறிப்போன கீறலை எழுத
ஒரு குறியும் இல்லை.

அசங்க எட்டிப் பார்த்தான்.
"இது என்ட கார்."
வாயிற்காவலின் கொப்பியும்
அவன் பக்கமே பேசியது.

பிறகு சண்டை.
வாடகை யாருக்கு, நெளிவு யாருக்கு?
மானைப் பிடித்து வா என்றான் நௌபீஸ்,
அவனுக்கு இதில் ஒரு சதமும் இல்லை.
பல்வைத்தியர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
"நான் உங்களுக்குத் தரவேணுமா,
நீங்கள் எனக்குத் தரவேணுமா,
கெதியாச் சொல்லுங்கோ" என்றாள்.
ஓடுபாதையில் விசிறிச்சிறகு
சுழலத் தொடங்கியிருந்தது.

அவள் போனபின்
வேம்படிக்குப் போனேன்.
நாலு நாளும் அசையாமல்
எச்சம் வாங்கி நின்றது என் கார்.
படிவத்தை விரித்து
குறி குறியாக எண்ணினேன்.
எட்டு.

இன்னொரு தடவை எண்ணினேன்.
நின்ற இடத்திலேயே நின்றதற்கு
எட்டு.