ஒன்றை மட்டும் அடையாளமிடுக

காகிதத்தில் டன்கிளேவர் மேற்பிரிவு.
வாயில் ஆட்டுப்பாறை.
பசறை பஸ் இறக்கிவிட்ட முடக்கிலிருந்து
இரண்டு மணி நேரம் ஏறினேன்,
கையில் செயலகம் தந்த படிவம்,
காலில் பதினொரு அட்டைகள்.

வசிப்போர் தொகை:
இந்தக் கோட்டைக் கடைசிக்கு வைத்தேன்.

லயம் தெரியுமுன் வரவேண்டிய புகை
வரவில்லை.
இருபது காம்பராவில் பதினெட்டுக்குத் தகரம் இல்லை.
பத்தொன்பதாவதின் சுவரில் ஒரு நாட்காட்டி,
தாளெல்லாம் கிழித்து முடித்த வெறும் அட்டை.
பீலி மட்டும்
கேட்பாரில்லாமல் ஊற்றிக்கொண்டிருந்தது.

வெளியேறிய காரணம்
(ஒன்றை மட்டும் அடையாளமிடுக):
மண்சரிவு. தொழில். கல்வி. வேறு.

எங்கிருந்து தொடங்க?
கோப்பி செத்த பிறகு தேயிலை நடவென்று
புதுக்கோட்டைப் பக்கமிருந்து புறப்பட்ட அறுபது பேரில்
வழியில் விழுந்த ஒன்பது பேருக்கு
எந்தக் கட்டம்?
அவர்கள் வெளியேறவில்லை.
வந்து சேரவுமில்லை.

எழுபதில் ஆறாம் காம்பரா ஒச்சாயிக்கு
இந்தியா கிடைத்தது.
அவள் தம்பி வீரமலைக்குச் சிலோன்.
இருவருக்கும் ஒரே அடுப்பு.
அம்மி யாருக்கு என்று
இரண்டு நாள் சண்டை பிடித்தார்கள்.
கடைசியில் அம்மி இங்கேயே கிடந்தது,
குழவி கப்பலேறி மண்டபம் போனது.

எழுபத்துநாலில் மாவு இல்லை.
காட்டுக்கிழங்கு அவித்த வீட்டில்
மூன்று பிள்ளைகள் எழும்பவில்லை.

எண்பத்துமூன்றில் ஸ்டோர் எரிந்தது.
யார் என்று எல்லாருக்கும் தெரியும்,
பொலிசைத் தவிர.

பிறகு கம்பெனி வந்தது.
ரோலர்களைக் கழற்றிப் பழைய இரும்புக்கு நிறுத்தது.
லெபனானுக்கு நாலு பெண்கள்,
கொழும்புச் சாப்பாட்டுக்கடைகளுக்குப் பையன்கள்.

வெடிப்பு வந்தது கடைசியில்தான்.
முதல் மழைக்குப் பென்சில் நுழைந்தது,
அடுத்ததற்குச் சாவிக்கொத்து.
ஐப்பசியில் கதிரேசன்
முழங்கைவரை விட்டுக் காட்டினானாம்.
மறுவாரம் சிவப்புத் தாள் ஒட்டினார்கள்.

மண்சரிவு என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
எடுத்தேன்.

பிரட்டுக்களத்துக்கு மேலே ஒரு காடு.
உள்ளே நுழைந்தபோது தலையில் பூ விழுந்தது,
வெள்ளை, நடுவே மஞ்சள்.
என்ன மரமென்று தெரியாமல்
இலையைக் கசக்கி முகர்ந்தேன்.

தேயிலை.

மலையில் பிறந்து
முப்பத்தெட்டு வருசமாய்த் தேத்தண்ணி குடிக்கிறேன்,
அது மரம் என்று
அன்றைக்குத்தான் கண்டேன்.
நூற்றிமுப்பது வருசம் கவ்வாத்துக் கத்தி
அதை இடுப்புக்கு மேல் விட்டதில்லை.

காட்டுக்குள் வெட்டுச் சத்தம்.
சிட்டம்மா. வீரமலையின் மருமகள்.
ரோட்டோரப் புதுவீட்டிலிருந்து
வாரம் இரண்டு தரம் விறகுக்கு ஏறுகிறாள்.

"தொரமாரு காலத்துல
ஒரு வாது ஒடிச்சாலே பத்துச்சீட்டு.
இப்ப தூரோட வெட்டுறேன்,
ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல.
நல்லா எரியுது மிஸ்."

படிவத்தைக் காட்டினேன்.
இங்கே யாருமில்லை என்று எழுதவா?

கத்தியைக் கீழே வைத்தாள்.

"எழுதிறாதீங்க.
கீழ வீடு குடுத்தாங்க, உறுதி குடுக்கல்ல.
உறுதி இல்லன்னா விலாசம் இல்ல.
வோட்டு, சமுர்த்தி, சின்னவளுக்கு ஸ்கூல்
எல்லாம் ஆட்டுப்பாறை பேருலதான் ஓடுது.
இந்த ஊரு இல்லன்னா
நாங்க எங்க இருக்கிறது?"

மழை பிடித்துக்கொண்டது.
விறகுக்கட்டை அவள் தலைக்கு ஏற்ற
ஒரு கை கொடுத்தேன்.
எனக்கு முன்னால் அவள் இறங்கினாள்,
வழுக்கும் படிகளில் ஒன்றைக்கூடக்
குனிந்து பார்க்காமல்.

பஸ் தரிப்பிடத்தில் இருந்து எழுதினேன்.
வாக்காளர் இடாப்பில் உள்ளபடி
வசிப்போர் தொகை: 41.

வெளியேறிய காரணம்:
பொருந்தாது.